கங்கம்மாவும் கடலைத் தோல் கரண்டும்

எனக்குப் பேத்தி பிறந்து ஒன்பது நாள் ஆகிறது. திருப்பதி ஆஸ்பத்திரியில் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் மூக்கு யார் மாதிரி, நெற்றி யார் மாதிரி என்று பேசிக்கொண்டிருந்தார்கள். மூக்கு எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், வாய் மட்டும் என் சம்பந்தி கங்கம்மா மாதிரி இருந்தால் போதும் என்றேன். என் மகன் உதயா சிரித்தான். மருமகள் சந்தியா சிரிக்கவில்லை. கங்கம்மாவின் மகள் அவள். அந்த வாயால் அவள் அம்மாவுக்கு என்ன போனது என்று அவளுக்குத் தெரியும்.

கங்கம்மாவின் வீட்டுக்காரர் துலுக்காணம் பெங்களூருக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போனவர். பொங்கலுக்குப் பொங்கல் வருவார். சொந்தமாக ஒரு சென்ட் நிலம் கிடையாது. கங்கம்மா கூலிக்குக் களை எடுத்தார், மாங்காய் தோட்டத்துக்குப் போனார். தனியாரும் கரண்ட் தயாரிக்கலாம் என்று அரசாங்கம் விட்ட பிறகு, ஹைதராபாத் கம்பெனி ஒன்று சித்தூர் பக்கம் எங்கள் ஊருக்கும் வெதுருகுப்பத்துக்கும் நடுவில் பவர் பிளாண்ட் கட்டியது. 2001 என்று நினைவு. நிலக்கரி கிடையாது. வேர்க்கடலைத் தோல், கரும்புச் சோகை, மாங்கிளை, இவற்றை எரித்துத்தான் கரண்ட். கங்கம்மா அங்கே லோடு இறக்குகிற யார்டில் வேலைக்குச் சேர்ந்தார். கான்ட்ராக்ட் ஆள்தான்.

வருகிற லோடில் ஈரம் பார்ப்பது அவர் வேலை. அதற்கு மிஷின் ஒன்று வாங்கி வைத்திருந்தார்கள். கங்கம்மா முழங்கை வரைக்கும் கையை விட்டு, ஒரு பிடி தோலை எடுத்துக் கசக்கிப் பார்ப்பார். அவர் சொல்வதும் மிஷின் காட்டுவதும் ஒன்றாக இருக்கும். கடலை உடைக்கிற மில்லிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு போகிறவன் நான். எடை கூட நிற்கட்டும் என்று மில்காரர் தண்ணீர் தெளிக்கச் சொல்வார், நானும் தெளிப்பேன். முதல் நாளே கங்கம்மா பிடித்துவிட்டார்.

"இன்னாண்ணா, தோலு ஏத்திக்கினு வந்தியா, ஏரிய ஏத்திக்கினு வந்தியா?"

நான் வண்டியைத் திருப்பினேன். அப்புறம் தண்ணீர் தெளிக்கவில்லை.

நாலு வருடம் போனது. 2005-இல் பிளாண்டில் மூன்று பேரை பர்மனெண்ட் செய்யப் போவதாகப் பேச்சு வந்தது. மேனேஜர் பவன்குமார் கங்கம்மாவைக் கூப்பிட்டு, மூன்றில் ஒரு பெயர் உன்னுடையது என்று சொன்னார். பர்மனெண்ட் ஆனால் மழைக்காலத்தில் வீட்டில் உட்கார வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி கார்டு உண்டு. துலுக்காணத்தையும் ஊரோடு வந்து இருக்கச் சொல்லலாம். சந்தியாவுக்கு அப்போது பத்து வயது. அப்பன் முகத்தை வருடத்துக்கு ஒரு தடவை பார்க்கிற பிள்ளை.

அந்த நேரத்தில்தான் மீட்டிங் வந்தது. எனக்குப் புரிந்த வரைக்கும் சொல்கிறேன். நிலக்கரி எரிக்கிற புகையால் உலகமே சூடாகிறதாம். எங்கள் பிளாண்ட் மாதிரி நிலக்கரி இல்லாமல் கரண்ட் எடுக்கிற கம்பெனிக்கு, அதிகம் புகை விடுகிற வெளிதேசத்துக் கம்பெனிகள் பணம் கொடுக்குமாம். அதற்கு ஒரு சர்டிஃபிகேட் வேண்டும். எரிக்கிற தோல் முன்னே யாருக்கும் உபயோகம் இல்லாமல் வீணாய்ப் போனதுதான் என்று காட்டினால்தான் சர்டிஃபிகேட். வீணாய்ப் போனதா இல்லையா என்று ஊர் ஜனங்களைக் கேட்க ஆடிட்டர்கள் வருவார்கள்.

கங்கம்மாவைப் பேச வைப்பது என்று பவன்குமார் முடிவு செய்தார். தெலுங்கும் தமிழும் வரும், பயப்படாமல் பேசுவார், ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர். ஒரே ஒரு வார்த்தை சொல்லச் சொன்னார்: முன்னே தோலை வயலில் குவித்துச் சும்மா கொளுத்திவிடுவோம். கங்கம்மா சரி என்று தலையாட்டிவிட்டுத்தான் வந்தார்.

பள்ளிக்கூடத்தில் ஷாமியானா போட்டார்கள். நாலு ஊர் ஜனம் வந்தது. ஆடிட்டர் இரண்டு பேர், ஒருவர் வெள்ளைக்காரர், இன்னொருவர் மெட்ராஸ்காரர். கங்கம்மா பேசுவதை பவன்குமார் இங்கிலீஷில் சொல்வதாக ஏற்பாடு. கங்கம்மா எழுந்ததும் மெட்ராஸ்காரர் குறுக்கே கை காட்டி, தனக்குத் தமிழ் தெரியும், நேராகவே சொல்லும்மா என்றார்.

கங்கம்மா ஆரம்பித்தார். "மின்ன தோல வயல்ல கொட்டி..."

அதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து மணியம்மா, "யாரு வயல்லடி? உனுக்கு ஏது வயலு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

கங்கம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டார். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் அவரோடு அடுப்புக்குத் தோல் வாங்க மில் வாசலில் கூடை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர்கள். அடுப்புக்கு இருப்பதைக் கொண்டுபோய்ச் சும்மா கொளுத்தினோம் என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். பவன்குமார் கையைச் சுழற்றி மேலே பேசச் சொன்னார்.

ஆடிட்டர் மறுபடி கேட்டார். "தோல என்னம்மா பண்ணுவீங்க?"

"அடுப்பெரிப்போம் சார். தகர டின்னுல நடுவுல ஒரு கட்டைய நட்டு, சுத்தி தோல அமுக்கி ரொப்பணும். அப்புறம் கட்டைய உருவிட்டு, அந்த ஓட்டைல நெருப்பு வெச்சா ரெண்டு வேளைக்கு எரியும். புடி தோலக் கூட யாரும் வீணாக்க மாட்டாங்க சார். வீணாக்கிட்டு எதுல ஆக்கித் துன்றது?"

"இப்ப எதுல சமைக்கிறீங்க?"

"மில்லுல இப்ப தோலு தர மாட்டேன்றாங்க. எல்லாம் பிளாண்டுக்குப் போவுது. மலைக்கிப் போய் வெறகு வெட்டிக்கினு வரோம்."

ஆடிட்டர் அதை எழுதிக்கொண்டார். வெள்ளைக்காரர் என்ன என்று கேட்க, அவர் இங்கிலீஷில் சொன்னார். மலையில் மரம் வெட்டுகிற பேச்சு வந்ததும் வெள்ளைக்காரரும் எழுத ஆரம்பித்தார். பவன்குமார் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தார்.

யாரும் கங்கம்மாவைத் திட்டவில்லை. அடுத்த மாதம் போர்டில் லிஸ்ட் ஒட்டினார்கள். மூன்று பெயர். கங்கம்மா ஏழாவது படித்தவர், தானே வாசித்துப் பார்த்தார். யார்டுக்குப் போய் முதல் லோடில் கையை விட்டார். அந்தப் பொங்கல் முடிந்து துலுக்காணம் வழக்கம்போல் பெங்களூர் பஸ் ஏறினார்.

ஆடிட்டர்கள் எழுதிக்கொண்டு போனது சும்மா போகவில்லை. எந்த ஊரில் எத்தனை வீடு தோலில் சமைக்கிறது என்று பார்த்து, அந்த அளவை விட்டுவிட்டு மீதியைத்தான் கம்பெனி வாங்க வேண்டும் என்று பேப்பர் வந்தது. சர்வேக்கு சித்தூரிலிருந்து வந்த பையன்களிடம் பெண்கள் வாயே திறக்கவில்லை, ரேஷன் கார்டைப் பிடுங்குவார்களோ என்று பயம். கடைசியில் பவன்குமார் கங்கம்மாவைத்தான் அனுப்ப வேண்டியதாயிற்று. நாலு ஊரும் நடந்தே எழுதினார். எங்கள் மில்லில் திரும்பவும் கூடை வரிசை நின்றது. தூரத்து மில்களுக்கு நான் லோடு ஏற்றப் போனேன்.

பிளாண்ட் மூடுகிற வரைக்கும் கங்கம்மா கான்ட்ராக்ட் ஆள்தான். துலுக்காணம் ஊரோடு வந்தது முதுகு போன பிறகுதான்.

போன வாரம் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும்போது, அன்றைக்கு மீட்டிங்கில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டேன். இத்தனை வருடத்தில் அப்போதுதான் முதல் தடவை கேட்டேன்.

"அந்த சாரு ரெண்டாவது வாட்டி கேட்டாருண்ணா. ஒரு வாட்டியோட உட்டிருந்தா, வயல்ல கொளுத்துவோம்னு சொல்லிட்டுதான் உக்காந்திருப்பேன்" என்றார்.