எட்டு ஐம்பதுக்கு நான் அணைத்தது

விபத்துக்குப் பிறகு என் மகள் வாய்விட்டுக் கேட்ட முதல் பொருள் ஒரு பழைய கணினி. எங்கள் அலுவலகத்தில் எல்லா மேசைக்கும் புதுக் கணினி வந்திருந்தது. கழித்த பழையவற்றைத் தாழ்வாரத்தில் அடுக்கி வைத்திருப்பதாக, சாப்பிடும்போது பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் தட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

"சின்னதா டிபன் டப்பா மாதிரி இருக்குமே, அதுவாம்மா? எனக்கு ஒண்ணு வாங்கிட்டு வர்றியா?"

நான்கு மாதங்களாக எதையும் கேட்காதவள். மறுநாளே கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்து ஒன்றை வாங்கி வந்தேன்.

விபத்தைப் பற்றிச் சுருக்கமாகத்தான் என்னால் எழுத முடிகிறது. ஸ்கூட்டரை ஓட்டியவள் என் மகள். பின்னால் உட்கார்ந்திருந்தவள் அவளுடைய கல்லூரித் தோழி. மழை விட்ட ஒரு காலையில், கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டி சறுக்கியது. தோழி அங்கேயே இறந்துவிட்டாள். என் மகள் கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள், காலில் தகடு வைத்தார்கள். ஒரு மத்தியானம் நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது, "நானும் போயிருக்கணும்மா" என்றாள். பஸ்ஸைத் தவறவிட்டவள் சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இவளைத் தனியாக விடாதீர்கள் என்றார் மருத்துவர். என் விடுப்பு தீரும்வரை விடவில்லை. அவள் அப்பாவுக்கு பிரான்சில் வேலை. விடுப்பு தீர்ந்த பிறகு முத்தியால்பேட்டை வீட்டில் பகல் முழுக்க அவள் மட்டும்தான். பதினொன்றுக்கு, ஒன்றுக்கு, மூன்றுக்குப் போன் செய்வேன். அவள் எடுக்கிறவரை வேறு வேலை ஓடாது.

கணினி வந்ததும் அவள் முகம் மாறியது. அதில் ஒட்டியிருந்த அலுவலக எண் தாளைச் சுரண்டி எடுத்தாள், மூடியைக் கழற்றித் தூசி ஊதினாள், டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். வீட்டிலுள்ள படம், பாட்டு, வீடியோ எல்லாவற்றையும் இதற்குள் போட்டுவிட்டால் டிவியிலும் போனிலும் எங்கிருந்தும் பார்க்கலாம், இது நம் வீட்டு சர்வர் என்றாள். என் போனிலும் அதற்கான செயலியைப் போட்டுத் தந்தாள். "நீ ஆபீஸ்ல சீரியல் பாரு. யாராச்சும் கேட்டா ஃபைல் பாக்குறேன்னு சொல்லு" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக நான் பத்துக் கணினிகளைச் சுமந்து வந்திருப்பேன்.

மூன்று வாரம் கழித்து, மதிய உணவு நேரத்தில் செயலியைத் திறந்தேன். பாதி பார்த்து நிறுத்தியவை மேல் வரிசையில் வரும். நாங்கள் இருவரும் ஒரே கணக்கில் இருந்ததால் அவள் பார்த்ததும் எனக்குத் தெரியும். வரிசை முழுக்க இறந்துபோன பெண்ணின் முகம். கடற்கரையில், வகுப்பில், ஐஸ்கிரீமோடு. ஒவ்வொரு முகத்தின் கீழும் எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று காட்டும் சிவப்புக் கோடு. மறுநாள் பார்த்தேன், கோடுகள் நீண்டிருந்தன. நான் சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டேன். 

எங்கள் அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாகக் கிளம்புகிறவர் எல்லா ஸ்விட்சுகளையும் அணைத்துவிட்டு நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பத்தொன்பது வருடமாகப் பெரும்பாலும் அது நான்தான். வீட்டிலும் அப்படியே, மிக்ஸி முதல் டிவி வரை அணைத்துவிட்டுத்தான் வெளியே கால் வைப்பேன். அதைத் தெரிந்துதான் மகள் சர்வரின் ஸ்விட்ச் மேல் 'இதை மட்டும் தொடாதே' என்று தாள் ஒட்டியிருந்தாள். அந்த முகங்களைப் பார்த்த மறுவாரம், காலை எட்டு ஐம்பதுக்கு, அவள் குளித்துக்கொண்டிருந்தபோது அதையும் அணைத்தேன். கை பழக்கத்தில் போய்விட்டது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அவள் திரும்பப் போட்டுக்கொள்வாள். அடுத்த நாளும் கை போனது. அதற்கடுத்த நாளும்.

ஒரு வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு அவள் போனை எடுக்கவில்லை. ஐந்து முறை அடித்தேன். அனுமதி கேட்காமலே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தேன். வாசலில் ஒரு மீன் கூடை இருந்தது. உள்ளே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார் அந்தத் தோழியின் அம்மா. தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீனை ஏலம் எடுத்துத் தெருவில் விற்பவர். சாவு வீட்டில் பார்த்ததோடு சரி, அதற்குப் பிறகு அவர் எதிரில் போக எனக்குத் தைரியம் இருந்ததில்லை.

"இன்னாக்கா இப்படி ஓடியாற? உம் பொண்ணு நல்லாத்தான் இருக்கா. அந்தப் பொட்டியத்தான் திட்டிக்கினு கெடக்கா."

மகள் கணினியில் காதை வைத்திருந்தாள். "டிஸ்க் போயிடுச்சும்மா. கேளு." உள்ளே நகத்தால் தட்டுவதுபோல ஒரு சத்தம்.

"எம் பொண்ணு போனு நொறுங்கிப் போச்சுல்ல, அவ பேசறது இதுலதான் இருக்குது" என்றார் அவர். "செவ்வாய் வெள்ளி வந்து கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன். உனக்குத் தெரியாதா?"

"நான் சொல்லல ஆன்ட்டி. சொன்னா அம்மா உங்கள நெனச்சு நெனச்சு அழுவாங்க."

"ஆன்ட்டியாம்! மீன்காரிய ஆன்ட்டின்னு கூப்புடற ஒரே ஆளு இவதாங்கா."

நான் சிரிக்கவில்லை. மகள் என்னையே பார்த்தாள். "தினமும் எட்டு ஐம்பதுக்குத் திடீர்னு நின்னிருக்குன்னு இதுலயே பதிவாயிருந்துச்சு. நீ கைமறதியா அணைச்சிட்டேன்னு நெனச்சேன். கைமறதி தினமும் ஆபீஸ் டயத்துக்கா வரும்? இப்படிப் பட்டுப் பட்டுன்னு அணைச்சா டிஸ்க் தாங்குமா?"

"பழக்கத்துல..."

"பேப்பர் ஒட்டியிருந்தேனேம்மா. என் போன்ல எடமில்லன்னு எல்லாத்தையும் இதுக்கு மாத்திட்டு அழிச்சிட்டேன். வேற எங்கயும் இல்ல."

அதற்கு மேல் பொய் சொல்ல முடியவில்லை. "பயமா இருந்துச்சு. அவளையே பாத்துக்கிட்டு நீயும் பின்னாலயே போயிடுவியோன்னு."

 தோழியின் அம்மா எழுந்து புடவையை உதறினார். "எனக்கு அந்தப் பயம் இனிமே இல்லக்கா" என்றார். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மகள் விடவில்லை. டிஸ்கைக் கழற்றித் தன் லேப்டாப்பில் மாட்டி, இரண்டு நாள் எதையோ ஓடவிட்டு, கிடைத்ததை மீட்டாள். முக்கால்வாசி வந்தது. ஆனால் பெயர்கள் போய்விட்டன, எல்லாம் வெறும் எண்கள். சிலவற்றில் குரல் மட்டும், சிலவற்றில் ஊமைப் படம். "ஆபீஸ்ல ஃபைல் அடுக்குறவதானே நீ? ஒவ்வொண்ணா பாத்துப் பேர் வை" என்று லேப்டாப்பை என் பக்கம் தள்ளினாள். அது தண்டனையா சமாதானமா, இன்னும் எனக்குத் தெரியாது.

விடுமுறை நாட்களில் பகலில் உட்கார்ந்து பார்க்கிறேன். அந்தப் பெண் எப்போதும் எதையாவது தின்றுகொண்டே பேசுகிறாள். போன ஞாயிறு திறந்த ஒன்றில் எங்கள் சமையலறை. மழை பெய்கிறது. அவள் மஞ்சள் சுடிதாரில் இருக்கிறாள். அதே சுடிதாரை நான் அதன்பின் ஆஸ்பத்திரியில், அவள் உடம்பின் மேல்தான் பார்த்தேன். என் மகள் படம் எடுக்கிறாள். அந்தப் பெண் பஸ்ஸில் போகலாம் என்கிறாள். படத்துக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வருகிறது: "மழை விட்டதும் வண்டியிலயே போங்கடி. பஸ்ஸுக்கு எவ நிப்பா?"

என் குரல். சொன்னது எனக்கு நினைவே இல்லை. மகள் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ஒரு வார்த்தை என்னிடம் சொன்னதில்லை.

அழிக்க ஒரு விநாடி போதும். மீட்க முடியாதவற்றோடு போயிற்று என்றால் யாரும் கேட்கப் போவதில்லை. கடைசியில் அதற்கு அன்றைய தேதியைப் பெயராக வைத்து மற்றவற்றோடு சேர்த்தேன். வெள்ளிக்கிழமை தோழியின் அம்மா பார்க்க வருகிறார். அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க நான் விடுப்பு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.