ஞாயிறு ஓய்வு பற்றி ஞாயிறன்றே வகுப்பு

லிங்கராஜபுரத்தில் அட்டைப்பெட்டி செய்து ஒரு பெரிய கம்பெனிக்கு அனுப்புகிறோம். சப்ளையர்களுக்கான நன்னெறி விதிகள் என்று இன்று அங்கிருந்து இருபது பக்கம் வந்தது. தொழிலாளிகளுக்கு ஞாயிறு ஓய்வு கட்டாயம் என்பது மட்டும் தடித்த எழுத்தில்.

படித்ததும் கண் கலங்கிவிட்டது.

பின்னாலேயே அவர்கள் பர்ச்சேஸ் மேனேஜரின் போன்.

"எல்லாருக்கும் இதுல ட்ரெய்னிங் குடுத்து போட்டோ அனுப்பிடுங்க சார். சண்டேல வெச்சுக்கோங்க, நம்ம டெலிவரி லேட் ஆகக்கூடாது."

பெட்டி ஒட்டும் ஸ்டெல்லா அக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஞாயித்துக்கிழம லீவு உண்டுன்னுதான சொல்லித் தரப் போறீங்க?"

"ஆமாக்கா."

"அது எனக்குத் தெரியும். நான் சர்ச்சுக்குப் போறேன்."

வகுப்பு தொடங்கும் முன்பே ஒருவர் தேர்ச்சி. போட்டோவுக்குத்தான் ஆள் இல்லை. ஞாயிறு சும்மா இருப்பவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், டீ உண்டு.