யாரும் அடிக்கவில்லை

எங்கள் கடுவன் பூனை அன்று காலை பின்னங்கால் இரண்டையும் தரையில் இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தது. முன்னங்கால்கள் மட்டும்தான் நடந்தன. அது கத்திய கத்தலில் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். நாலு வயசுப் பூனை. முந்தின நாள் சாயங்காலம்கூடக் கோழியைத் துரத்திக்கொண்டு ஓடியது.

இடுப்பில் யாரோ கட்டையால் போட்டிருக்கிறார்கள் என்று உடனே தோன்றியது. யார் என்பதும் தோன்றிவிட்டது. எதிர்வீட்டுக்காரி கூலிக்குப் போகிறவள், எங்கள் கரும்புக்கும் களையெடுக்க வருவாள். காயப்போட்ட கருவாட்டை இந்தத் திருட்டுப்பயல் தூக்கிவிட்டான் என்று முந்தின வாரம்தான் சண்டைக்கு வந்திருந்தாள். எனக்கு வாய் நீளம், கோபம் வந்தால் கண்மண் தெரியாது. நடுத்தெருவில் நின்று கத்தினேன்.

"வாயில்லா ஜீவன இப்படி ஒடிச்சிப் போட்டிருக்கியே, அடிச்ச கை வெளங்குமாடி?"

"நான் அடிக்கலக்கா. எம் புள்ளைங்க மேல சத்தியமா அடிக்கல."

"சும்மா நடிக்காத. ஒரு துண்டு கருவாட்டுக்கு ஒரு உசுரா?"

அவள் உள்ளே போய்விட்டாள். நான் பூனையைக் கட்டைப்பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் வண்டியில் ஏறினேன்.

கள்ளக்குறிச்சி டாக்டர் இடுப்பைத் தடவிப் பார்த்துவிட்டு, "காலைத் தொட்டுப் பாருங்கம்மா" என்றார். முன்னங்கால் வெதுவெதுப்பாக இருந்தது. பின்னங்கால்கள் சில்லென்றிருந்தன. எப்போதும் ரோஸாக இருக்கும் உள்ளங்கால் நீலமாகிவிட்டிருந்தது.

"எலும்பு ஒண்ணும் ஒடையல. யாரும் அடிக்கலம்மா. சில பூனைங்களுக்கு இதயத்தோட சதை தடிச்சிப்போவும். உள்ளாற ரத்தம் தேங்கி உறைஞ்சி கட்டியாயிடும். அந்தக் கட்டி கெளம்பி வந்து, ரத்தக்குழாய் ரெண்டு காலுக்கும் பிரியற எடத்துல அடைச்சிக்கினு இருக்கு."

"நேத்து கூட ஓடிக்கினு இருந்துச்சே சார்?"

"ஓடும். வெளிய ஒண்ணும் காட்டாது. ஓடிட்டு வந்து வாயத் தொறந்து மூச்சு வாங்குமா?"

வாங்கும். நாய் மாதிரி இளைக்கிறான் பாரு என்று நான் சிரித்திருக்கிறேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

வலிக்கு ஊசி போட்டார். பிழைப்பது கஷ்டம், ரொம்ப அவஸ்தைப்பட்டால் கொண்டு வாங்க, தூங்க வைத்துவிடலாம் என்றார். அதற்கு வேலை வைக்கவில்லை. திரும்பும் வழியில் தியாகதுருகம் தாண்டுவதற்குள் என் மடியிலேயே போய்விட்டது. வண்டியை ஓரம் கட்டச் சொல்லி வாய்விட்டு அழுதேன்.

ஊருக்கு வந்ததும் நேரே எதிர்வீட்டுக்குத்தான் போனேன். அவள் அன்று வேலைக்குப் போகவில்லை, அடுப்பும் பற்றவைக்கவில்லை. "நான் சொன்னது தப்பும்மா. அதுக்கு இதயத்துல வியாதியாம். டாக்டரே சொல்லிட்டாரு. உம்மேல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"செத்துட்டுச்சாக்கா?"

"ம்."

அவள் தலை நிமிரவில்லை. "கருவாட்ட தூக்கிக்கினு ஓடறப்ப வெளக்குமாத்த வுட்டெறிஞ்சேன்க்கா. இடுப்புலதான் பட்டுச்சு. நீங்க கத்துனதுல பயந்துட்டேன். புள்ளைங்க மேல சத்தியம் வேற பண்ணிட்டேன்."

அது போன வாரத்துக் கதை, விளக்குமாறு பட்டெல்லாம் பூனை சாகாது, இது உள்ளே ரொம்ப நாளாக இருந்த கோளாறு என்று அடித்துச் சொன்னேன். டாக்டர் சொன்னதை வரி விடாமல் சொன்னேன்.

"நீங்க பெரிய மனசு பண்ணி சொல்றீங்கக்கா" என்றாள். பக்கத்தில் படுத்துத் தூங்கிய சின்னவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜுரம் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தொட்டுப் பார்த்தாள்.

இப்போதும் அந்தக் குழந்தைக்கு லேசாகச் சளி பிடித்தால் போதும், எங்கள் வாசலுக்கு வந்து நின்றுவிடுகிறாள். "அக்கா, நெசமாவே அதுக்கு இதயந்தானா?"

ஆமாம் என்று நானும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்கிறேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு போகிறாள். அடுத்த சளிக்குத் திரும்ப வருகிறாள்.