மூன்று புள்ளிச் சுத்தி

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும், தகரத் தட்டில் மண்ணெண்ணெயில் ஊறிக் கிடக்கும் துருப்பிடித்த இரும்பை எடுத்து அம்மா உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்குவாள். மண்ணெண்ணெயும் துருவும் கலந்த அந்த வாடை, அம்பத்தூரில் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டின் தலையணை உறைகளில்கூட ஏறியிருந்தது.

பழைய கைக்கருவிகளைச் சேர்ப்பது அம்மாவின் பொழுதுபோக்கு என்றுதான் தெருவில் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். அது தொடங்கிய விதம் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். தொழிற்பேட்டையின் சிறு பட்டறை ஒன்றில் ஃபிட்டராக இருந்த அப்பா, எனக்கு எட்டு வயதானபோது காய்ச்சலில் இறந்துபோனார். கட்டிலடியில் இருந்த அவருடைய கருவிப்பெட்டியைப் பார்க்கப் பார்க்கத் தாங்காமல், அடக்கம் முடிந்த சில வாரங்களில், தெருவில் போன பழைய இரும்புக்காரரை அழைத்து அம்மாவே அதைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். மழைக்காலம் வருவதற்குள், பெட்டி இல்லாத அந்த வெற்றிடத்தைத்தான் அவளால் பார்க்க முடியாமல் போயிற்று.

பட்டறைகளில் ஒருவர் கருவி மற்றவருடையதோடு கலந்துவிடாமலிருக்க அவரவர் அடையாளத்தை இரும்பில் குத்தி வைப்பது வழக்கம். சிலர் எழுத்துப் பொறிப்பார்கள். அப்பா முக்கோணமாய் மூன்று புள்ளிகள் அடித்து வைத்திருந்தார். அந்தப் புள்ளிகளைத் தேடித்தான் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஆவடிவரை, பிறகு பூந்தமல்லிவரை, பழைய இரும்பு விற்கும் "காயலாங்கடை" ஒவ்வொன்றாக ஏறி இறங்கினாள். கிளறிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பக் கூச்சப்பட்டு ஏதேனும் ஒன்றை வாங்கி வருவாள். அவற்றைத் துலக்கித் துலக்கி, எது எந்தத் தொழிலுக்குரியது என்று கேட்டுக் கேட்டு, அவளுக்கு ஒரு கண் வாய்த்தது. நுனி ஒருபுறம் சாய்ந்து தேய்ந்த கொத்தனார் கரண்டியைப் பார்த்து, "இவரு எடதுகைக்காரரு" என்பாள். குறட்டின் பிடியில் சுற்றிய சைக்கிள் டியூபைத் தடவி, "உள்ளங்கை வேர்க்கிற மனுசன்போல" என்பாள்.

"இன்னாக்கா, பட்டறை எதுனா தொறக்கப் போறியா?" என்று ஆவடிக் கடைக்காரர் சீண்டுவார்.

"தொறந்தா மொத வேலை உனக்குத்தான் நைனா. அந்த அரத்த இப்டி எடு."

"மழுங்கிப்போச்சிக்கா அது."

"உன் நாக்கு மழுங்கலியே, அத சொல்லு."

ஒருநாள் பூந்தமல்லியிலிருந்து திரும்பும் வழியில் குமணன்சாவடியில் பேருந்துக்காக நின்றிருந்தோம். பக்கத்துச் சைக்கிள் கடையில் ஓர் இளைஞர் நெளிந்த மட்கார்டைத் தட்டி நிமிர்த்திக்கொண்டிருந்தார். அம்மா அருகே போய்ச் சுத்தியைக் கேட்டு வாங்கினாள். அதன் பக்கவாட்டில் மூன்று புள்ளிகள் இருந்தன. அவற்றை அழிக்காமல், அருகிலேயே அவர் புதிதாக ஒரு கோடு வெட்டியிருந்தார்.

"இத குடுத்துடுறியாப்பா? புதுசு ஒண்ணு வாங்கித் தரேன்."

"புதுச நீயே வச்சிக்கோக்கா" என்று அவர் சிரித்தார். "இதுல நாள்பூரா அடிச்சாலும் கை வலிக்காது. மின்ன வச்சிகினு இருந்தவரு சோக்கா புடி போட்டுகீறாரு."

அது அப்பாவுடையது என்று சொல்ல நான் வாயெடுத்தேன். அம்மா என் மணிக்கட்டை அழுத்தினாள். பிடியை ஒருமுறை முழுதாகப் பற்றிப் பார்த்துவிட்டு, அவர் கைக்கு வாகாகத் திருப்பிக் கொடுத்தாள்.

"அப்பாதுன்னு சொல்லிருந்தா குடுத்துருப்பாரும்மா" என்றேன் பேருந்தில்.

"குடுத்துருப்பான். அப்பால மட்கார்ட எத வச்சித் தட்டுவான்? நம்ம ஊட்ல அது சும்மாதானே கெடக்கும்."

அதன்பின் இறங்கும்வரை அவள் முகத்தை என் பக்கம் திருப்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கடைகளுக்குப் போவதை விடவில்லை என்றாலும், புள்ளிகளைத் தேடுவதை அன்றோடு விட்டுவிட்டாள். எனக்கோ அப்பாவின் குரல் அப்போதே மங்கத் தொடங்கியிருந்தது. அவர் பிடித்த இடத்தில் என் கையை வைத்துப் பார்க்க எனக்கும் ஆசை இருந்ததை அவள் கேட்கவேயில்லை. அன்று அவள் இருந்த வயதைக் கடந்துவிட்ட இப்போது, அவள் செய்ததன் நியாயம் எனக்குப் புரிகிறது. அந்த ஆசை மட்டும் அடங்கவில்லை.

அம்மா போன பிறகு ஒருமுறை குமணன்சாவடியில் இறங்கி நின்றேன். மெட்ரோ தூண்களுக்கு நடுவில், அந்தக் கடை சாலையின் எந்தப் பக்கம் இருந்தது என்பதைக்கூட என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

அவள் சேர்த்தவை என் கூடத்துக் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. அப்பா ஃபிட்டராக இருந்தது தெரிந்து வருகிறவர்கள், இவற்றில் உங்கள் அப்பாவுடையது எது என்று தவறாமல் கேட்கிறார்கள். இல்லை என்று சொல்ல நா எழாமல், கைக்கு அகப்பட்ட ஒன்றை எடுத்துக் கொடுக்கிறேன். அவர்கள் அதை மரியாதையோடு இரு கைகளாலும் வாங்கிப் பார்க்கிறார்கள்.