நிறுத்தச் சொன்னவர்

பெருமாநல்லூர் பக்கம் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். ஆர்டர் கொடுக்கிற பையருக்கும் எங்கள் தையல் தளத்துக்கும் நடுவில் நின்று, நூல் வாங்குவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை இரண்டு பக்கத்துக்கும் பதில் சொல்கிற வேலை. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு செல்போன் கம்பெனியிடமிருந்து டி-ஷர்ட் ஆர்டர் வந்தது. ஒரு காலத்தில் திருப்பூரில் யார் சட்டைப் பையைத் தொட்டாலும் அவர்களுடைய பட்டன் போன்தான் இருக்கும். தொடுதிரை போன்கள் வந்ததும் பின்தங்கிப் போனார்கள். விட்ட இடத்தைப் பிடிக்க, மற்றவர்கள் எல்லோரும் போட்டுக்கொண்ட இயங்குதளத்தை எடுக்காமல் சொந்தமாகவே ஒன்றை எழுதினார்கள். அதைப் போட்ட முதல் போன் கடைக்கு வந்து சுமாராகத்தான் போனது. இரண்டாவது போனின் வெளியீட்டு விழாவுக்குத்தான் இந்த டி-ஷர்ட்.

கறுப்புத் துணி. நெஞ்சில் அந்த இயங்குதளத்தின் அடையாளம்: நடுவில் வெளுத்து ஓரத்தில் இருண்டு போகும் ஒரு பச்சை வளையம். மாதிரி அச்சைப் பார்த்துச் சரி சொல்ல வழக்கமாக விளம்பரப் பிரிவிலிருந்து யாராவது வருவார்கள். இந்த முறை பெங்களூரிலிருந்து ஒரு இன்ஜினியர் அம்மா வந்தார். நாற்பது வயதிருக்கும். சொந்த ஊர் காங்கயம் பக்கம் என்று அவர் பேச்சே சொல்லிவிட்டது.

வீரபாண்டியில் எங்களுக்கு அச்சடித்துக் கொடுக்கும் பட்டறைக்கு அவரைக் கூட்டிப்போனேன். அங்கே மாஸ்டர் ஒரு பாய். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் பாய்தான். அந்த அம்மா போனை எடுத்து அணைத்து, திரும்ப உயிர் கொடுத்துப் பாய் முன்னால் நீட்டினார். கறுப்புத் திரையில் ஒரு புள்ளி, புள்ளியிலிருந்து மெல்ல விரிகிற பச்சை வெளிச்சம். ஓர் இலை வெயிலில் திரும்புவது போல இருந்தது.

"இந்த நெறம் வரோணுங்க பாய்," என்றார்.

பாய் போனை வாங்கி நாலைந்து தடவை அணைத்து அணைத்துப் பார்த்தார்.

"அம்மணி, இது வெளிச்சம். எங்கிட்ட இருக்கறது மையி. கறுப்புல நேரா அடிச்சா நெறம் செத்துரும். கீழ வெள்ளை ஒரு தட்டு அடிச்சு அதுமேல ஏத்தோணும். பாக்கலாமுங்க."

மை கலந்துகொண்டே கேட்டார். "இந்த சாஃப்ட்வேர்னு சொல்றாங்களே, அது போனுக்குள்ள என்னங்க பண்ணுது?"

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். "உங்க பட்டறைல கரண்ட் எங்க போகோணும், எந்த மெஷின் எப்ப ஓடோணும், யாரு முன்னாடி, யாரு பின்னாடினு நீங்க சொல்றீங்களே, அதுதானுங்க. நீங்க இல்லீன்னா இத்தனை மெஷினும் வெறும் இரும்பு."

பாய்க்கு அது பிடித்துப்போனது. "எத்தனை பேருங்க சேந்து செஞ்சீங்க?"

"மூணு மாடி நெறைய ஆளுங்க. நாலு வருசம்."

நான் போனைக் கையில் வாங்கினேன். விரல் போன பக்கமெல்லாம் பக்கங்கள் தண்ணீர் போல நகர்ந்தன. தமிழ் எழுத்துகள் கொம்பும் சுழியும் உடையாமல் நின்றன. மூன்று மாடி மனிதர்களின் நாலு வருடம் என் உள்ளங்கை அளவில் இருக்கிறது என்று நினைத்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறந்ததிலிருந்து நூலும் துணியும் பார்க்கிறேன். எங்கள் வேலையைக் கையால் தடவிப் பார்க்கலாம். இதைத் தடவிப் பார்க்க முடியாது. ஆனாலும் இதையும் யாரோ இழை இழையாக நெய்திருக்கிறார்கள்.

மூன்றாவது கலவையில் பாய் அந்தப் பச்சையைப் பிடித்தார். அளவுக் கருவி எதுவும் இல்லை, கண்தான். அந்த அம்மா துணியையும் திரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "இந்த நெறத்துக்கு நாங்க எட்டு மாசம் பட்ட பாட்ட நீங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சுட்டீங்க பாய்," என்று கையெழுத்துப் போட்டார்.

பாதி பீஸ் அச்சாகியிருந்தபோது மெயில் வந்தது. வேலையை நிறுத்தவும். இந்த இரண்டாவது போனிலிருந்தே சொந்த இயங்குதளம் இல்லை, எல்லோரும் வைத்திருப்பதையே வைக்கப்போகிறோம். அச்சடித்த பீஸ் ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. எங்கள் ஆள் முன்னிலையில் எல்லாவற்றையும் வெட்டி அழிக்கவும்.

பிராண்ட் சரக்கில் இது நடப்பதுதான். ஆனால் அந்த 'எங்கள் ஆள்' பட்டறை வாசலில் காரிலிருந்து இறங்கியபோது நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன். அதே அம்மா.

"நீங்களேங்களா வந்தீங்க? வேற யாரையாச்சும் அனுப்பியிருக்கலாமுங்களே."

"வேற யாரு வந்தாலும் அவங்களுக்கு இது வெறும் சட்டைங்க," என்றார்.

கட்டுக் கட்டாக அடுக்கி வெட்டும் இயந்திரத்தில் கொடுத்தார்கள். வளையங்கள் இரண்டாய், நாலாய்ப் போயின. அந்த அம்மா உட்காரவில்லை. ஒவ்வொரு கட்டையும் எண்ணிச் சரிபார்த்துக் குறித்துக்கொண்டார். பாய் பொறுக்கமாட்டாமல் கிட்டே வந்தார்.

"ஒண்ணே ஒண்ணு எடுத்து வெச்சுக்கிறனுங்க அம்மணி. வெளிய போட மாட்டேன்."

"எனக்கும் ஆசைதானுங்க பாய். ஆனா ஒண்ணுகூட வெக்கமாட்டோம்னு சொல்லீட்டு வந்திருக்கறனுங்க."

எனக்குக் கோபம் வந்தது. "யாரு மேடம் இப்படி முடிவு பண்ணினது? மேல உக்காந்திருக்கறவங்களுக்கு இதோட அருமை தெரியுமா?"

அவர் என்னைப் பார்த்தார். "நாந்தானுங்க நிறுத்தச் சொன்னேன்."

இயந்திரச் சத்தத்தில் தவறாகக் கேட்டுவிட்டதோ என்று நினைத்தேன். அவர் சற்றுத் தள்ளி வந்து சொன்னார்.

"மீட்டிங்ல பாதிப் பேரு எங்களோடதையே வெச்சுக்கலாம்னாங்க, பாதிப் பேரு விட்டுரலாம்னாங்க. கடைசில எங்கிட்டக் கேட்டாங்க. எங்க டீமு நான் வெச்சுக்கலாம்னு சொல்லுவேன்னுதான் நெனச்சுது. முதல் போன எங்கம்மாவுக்குத்தான் குடுத்தனுங்க. தங்கச்சி கனடாவுல இருக்கறா. அவ மூஞ்சியப் பாத்துப் பேசற ஆப் எங்க போன்ல வரல. அந்த ஆப் செய்யற கம்பெனி எங்களுக்கு எழுதித் தரமாட்டீங்கறாங்க, எங்க போன வாங்கறவங்க கம்மி. அம்மா ஆறு மாசமா பக்கத்து ஊட்டுக்குப் போயி அவங்க போன்ல பேசிட்டு வந்திருக்கறாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. மக செஞ்ச போன் கண்ணு, நல்லாருக்குதுனுதான் எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கறாங்க."

கையிலிருந்த கணக்குத் தாளை மடித்துக்கொண்டார்.

"அது தெரிஞ்ச வாரம்தான் அந்த மீட்டிங்குங்க. நல்லாத்தான் செஞ்சோம். ஆனா வாங்குனவங்களுக்கு உதவல. அதுக்கப்பறம் எப்பிடிங்க வெச்சுக்கலாம்னு சொல்றது?"

"உங்க டீம்ல என்ன சொன்னாங்க?"

"சில பேரு இன்னும் பேசறதில்லீங்க."

அவர் குரலில் அழுகை இல்லை. திரும்பிப் போய் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். கடைசிக் கட்டு முடிந்து கணக்குச் சரியாக வந்தது. பாய் அச்சுச் சட்டங்களை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போனார். வலையில் பதிந்திருக்கும் படத்தை மருந்து போட்டுத் தண்ணீர் அடித்துக் கரைத்துவிட்டால் அதே சட்டத்தில் வேறு படம் ஏற்றலாம். அந்த அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டு, பாயிடமிருந்து தண்ணீர்க் குழாயைக் கேட்டு வாங்கினார். பாய் மறுக்கவில்லை. வளையம் ஓரத்திலிருந்து கரைந்து வலை வெறுமையாகிற வரைக்கும் அவரே அடித்தார். புடவைக் கரையெல்லாம் நனைந்திருந்தது. பாய் தலையிலிருந்த குல்லாவைச் சரிசெய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றார்.

அந்த அம்மா போன பிறகு ஆபீசுக்கு வந்து உட்கார்ந்தேன். வேறொரு பையருக்காக நானே தேடிப்பிடித்த ஒரு துணி, துவைத்தால் முறுக்கிக்கொள்கிறது என்று எங்கள் செக்கிங் பெண்கள் மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கண்டுபிடித்த துணி என்பதற்காகவே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டிருந்தேன். அன்று சாயங்காலம் பையருக்கு எழுதினேன்: துணி சரியில்லை, தேர்ந்தெடுத்தது நான்தான், மாற்றிக்கொள்வோம். ஒரு துணிக்கே என் கை அத்தனை தயங்கியது.

அந்தச் செல்போன் கம்பெனியும் பிழைக்கவில்லை. எல்லோரும் வைத்திருந்த இயங்குதளத்தோடு இரண்டு போன் விட்டார்கள். அவை மற்ற போன்களோடு போன்களாகக் கலந்துபோயின. பிறகு போன் செய்வதையே விட்டுவிட்டார்கள். செய்தி வந்த அன்று அந்த அம்மாவின் எண்ணைத் தேடிக் கூப்பிட்டேன். வேறு இடத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். நலம் விசாரித்துவிட்டு, கேட்கக்கூடாது என்று நினைத்ததைக் கேட்டேவிட்டேன்.

"உங்களோடதையே வெச்சிருந்தா ஒருவேளை நின்னிருக்குமுங்களா?"

"தெரியலீங்க," என்றார். பிறகு, "அன்னைக்கும் தெரியாமத்தானுங்க சொன்னேன்," என்றார்.