பெண்கள் பக்கத்துக் கேமரா

உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நின்று டீயை ஆற்றிக்கொண்டிருந்தபோது சேக் பரீதுக்கு அந்தச் செய்தி வந்தது. ஆடிக் காற்று கூடலூர்ப் பக்கமிருந்து சாரலை அள்ளிக்கொண்டு வந்து போன் திரையில் தூவியது. சட்டைத் துணியால் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். ஜப்பானின் ஹோஷினா கம்பெனி தன் கேமரா பிரிவை விற்கப்போகிறது. வாங்குகிறவர்கள் யார், கேமரா தொடர்ந்து வருமா என்பதெல்லாம் பிறகு அறிவிக்கப்படும்.

'ஹோஷினா சொந்தங்கள்' என்ற வாட்ஸ்அப் குழுவில் அதைப் போட்டிருந்தவர் குழுவின் அட்மின், தேவதானப்பட்டி சுருளிவேல். பரீத் டீயைக் குடித்து முடிப்பதற்குள் நாலு பேர் குழுவைவிட்டு வெளியேறிவிட்டார்கள்.

கம்பத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ரஃபி, பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே கூட்டாளி, வண்டியை அணைக்காமலேயே காலை ஊன்றிக்கொண்டு கத்தினான்.

"ஏலே பரீது, ஒங் கம்பெனி மௌத்தாப் போச்சாமே?"

"இன்னும் இல்ல. விக்கிறாக, அம்புட்டுத்தேன்."

"அடக்கம் எப்பன்னு சொல்லு. குமுளி ஆர்டரத் தள்ளி வச்சுட்டு வாரேன்."

பரீத் சிரித்து வைத்தார். சிரிக்காவிட்டால் இன்னும் ரெண்டு சொல்லுவான். அவருடைய கேமராவை 'பொம்மைப் பெட்டி' என்றுதான் ரஃபி சொல்லுவான். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அது. கல்யாண வீட்டில் மற்றவர்கள் கழுத்தில் ஆட்டுக்குட்டி கனத்துக்குத் தொங்கவிட்டு நிற்கும்போது, பரீத் ஏதோ வழிப்போக்கன் மாதிரி நிற்பார்.

அந்தக் கேமராவைத்தான் விடாமல் பிடித்திருந்தார் என்று ஊர் நினைத்தது. அவர் பிடித்திருந்தது வேறு ஒன்றை.

பதினோரு வருடத்துக்கு முன்பு, திராட்சை லோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவர் அதை விட்டுவிட்டு இந்தக் கல்யாணப் படமெடுக்கும் வேலைக்கு வந்தபோது, எடை குறைவு, விலையும் ஒத்துவந்தது என்றுதான் ஹோஷினாவை வாங்கினார். வாங்கிய வாரமே மனைவி லத்திபா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சின்ன வயதில் விழுந்து ஒடிந்த வலது மணிக்கட்டு அவளுக்குக் கோணலாகக் கூடியிருந்தது. தண்ணிக் குடத்தை இடது பக்கம்தான் எடுப்பாள். "இது எனக்குத் தூக்க வருதுங்க" என்றாள். அவ்வளவுதான் ஆரம்பம்.

அவர்கள் ஜமாஅத்தில் பெண்கள் கூடியிருக்கும் அறைக்குள் ஆண் போய்ப் படமெடுக்க முடியாது. மணப்பெண்ணுக்குக் கருகமணி கட்டுவதும், தோழிகள் சேர்ந்து கிண்டல் செய்வதும், தாய் முந்தானையில் முகத்தைத் துடைப்பதும் படமாகாமலேயே போய்க்கொண்டிருந்தன. லத்திபா உள்ளே போனாள். அதே ஹோஷினாவில் இன்னொரு கேமரா பாடி வாங்கினார்கள். இவர் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம், லென்ஸ் எல்லாம் ஒரே பைக்குள்.

அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. விருந்து முடிந்ததும் மணப்பெண்ணோடு உட்கார்ந்து கேமராவின் பின்திரையிலேயே ஒவ்வொன்றாகக் காட்டுவாள். வேண்டாம் என்றதை அங்கேயே அழித்துவிடுவாள். பிறகு மெமரி கார்டைக் கழற்றிப் பெண்ணின் தாய் கையில் கொடுத்துவிட்டுத்தான் அறையைவிட்டு வெளியே வருவாள். அந்தக் கார்டைப் பரீத் கண்ணால் பார்த்ததில்லை. பதினோரு வருடத்தில் தன் மனைவி எடுத்த கல்யாணப் படம் ஒன்றுகூட அவர் பார்த்ததில்லை. திரும்பி வரும்போது வண்டியின் பின்னால் உட்கார்ந்து அவள் சொல்லுவாள். "இன்னைக்கு ஒண்ணு விழுந்துச்சுங்க. பொண்ணு கண்ணாடியில தன்னப் பாக்கல, பின்னால நிக்கிற தங்கச்சியப் பாக்குறா." பரீத் ரோட்டைப் பார்த்துக்கொண்டே அந்தப் படத்தைப் பார்ப்பார்.

போன மாதம் அவருடைய பாடியில் ஷட்டர் உடைந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார். சாமான் இல்லை என்றார்கள். சென்னை சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்தால், மூடிவிட்டோம், பெங்களூரில் கேளுங்கள் என்று பதிவு செய்த குரல் சொன்னது. பெங்களூரில் யாரும் எடுக்கவில்லை. குழுவில் ஒருவர் சிங்கப்பூர் எண் கொடுத்தார். இப்படியே போனால் ஜப்பானுக்கு நடந்து போக வேண்டியதுதான் என்று நினைத்துக்கொண்டு விட்டுவிட்டார். மிஞ்சியது லத்திபாவின் பாடி ஒன்றுதான்.

இந்த நேரம் பார்த்துத் தேனியிலிருந்து விஜயபாண்டி கூப்பிட்டார். மாவட்டத்திலேயே பெரிய கல்யாண ஸ்டூடியோ அவருடையது. மாடியில் ஏ.சி. போட்ட எடிட்டிங் அறை, அதில் நாலு பேர், சுவரை அடைத்த திரை. பரீத் அங்கே போய் நின்றார்.

"பாய், ஒங்க கண்ணு எனக்குப் புடிச்சிருக்கு. ஆவணி முகூர்த்தம் ஆரம்பிக்குது. வருசம் பூரா வேலை தாரேன். ஒரே ஒரு கண்டிசன், செட்ட மாத்திருங்க."

"செட்டுன்னா?"

"நம்ம ஆளுக எல்லாரும் ஒரே கேமரா. அப்பத்தான் ஆல்பத்துல கலர் ஒத்து வரும். நீங்க மட்டும் அந்தக் குருவிக் கேமராவ வச்சு எடுத்தீகன்னா, ஒங்க படத்துல மாப்பிள்ளை மட்டும் வேற ஊர்க்காரன் மாதிரி இருப்பாரு."

எடிட்டிங் அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பரீத் கேட்டார், "வீட்ல இருக்கவுக பொம்பளைப் பக்கம் எடுப்பாக. அது?"

"எடுக்கட்டுமே. பெரிய கேமரா தாரேன். கார்டெல்லாம் இங்கன வந்திரணும். பசங்க பாத்துச் சரி பண்ணுவாக."

பரீத் அந்த நாலு பேரையும் பார்த்தார். நல்ல பையன்கள்தான். ஒருவன் ஏதோ மணப்பெண்ணின் கழுத்தைப் பெரிதாக்கி, வேர்வையை அழித்துக்கொண்டிருந்தான்.

"திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க பாய். நான் வேற ஆளும் பாக்கணும்ல."

வீட்டில் இதைச் சொன்னபோது லத்திபா கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். எந்த இடத்தில் கை நின்றது என்று பரீத் கவனித்தார். கார்டு என்ற இடத்தில் நின்றது. பிறகு மறுபடியும் ஆய்ந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் நிக்காஹ். ஒரு பாடியை வைத்துக்கொண்டு ரெண்டு பக்கம் எப்படி எடுப்பது? பரீத் யோசிக்கவில்லை. பையைத் திறந்து அதை லத்திபாவிடம் நீட்டினார்.

"நீங்க?"

"ரஃபிகிட்ட ஒண்ணு வாங்கிக்கிறேன்."

ரஃபி கொடுத்தான். கொடுக்கும்போது, "பாத்துடா, இது நெசக் கேமரா, கை வலிக்கும்" என்றான். எல்லாம் தலைகீழாக இருந்தது. ஹோஷினாவில் லென்ஸை இடப்பக்கம் திருகினால் படம் கிட்டே வரும். இதில் தள்ளிப் போனது. புது வீட்டு இருட்டில் சுவிட்சைத் தேடுகிறவர் மாதிரி விரல்கள் தடவின.

பள்ளிவாசலில் ஆண்கள் கூடி உட்கார்ந்தார்கள். ஹஜ்ரத் மைக்கில் குத்பா உரை ஓதி முடித்து மாப்பிள்ளையின் கையைப் பெண்ணின் தகப்பன் கையோடு சேர்த்தார். பரீத் முழங்காலிட்டுப் பக்கத்தில் நெருங்கினார். பதினோரு வருடமாக இந்த இடத்தில் அவர் செய்வது ஒன்றுதான். மாப்பிள்ளையின் உதடு அசையத் தொடங்கும்போது பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொள்வார். ஹோஷினா மூச்சுக்கூட விடாது. இருபது படம் விழும், அதில் ஒன்று அந்தச் சம்மத வார்த்தையோடு இருக்கும்.

அழுத்திப் பிடித்தார்.

ரஃபியின் கேமரா தையல் மிஷின் கிளம்பியது மாதிரி படபடவென்று அடித்தது. கல்சுவரில் பட்டு ரெண்டு மடங்காகத் திரும்பி வந்தது. விரலை எடுக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் மாப்பிள்ளை சொல்லி முடித்துவிட்டார்.

ஹஜ்ரத் சாட்சிகளைப் பார்த்தார். "கேட்டுச்சா?"

சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பெரியவர் உண்மையைச் சொன்னார். "வாயி அசைஞ்சது தெரிஞ்சுச்சு அஜரத். சத்தம் கேக்கல. இந்தப் பெட்டிதேன் பேசுச்சு."

சாட்சி காதில் விழாத சம்மதம் கணக்கில் வராது. ஹஜ்ரத் பரீதைத் திட்டவில்லை. மெதுவாகத் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாப்பிள்ளையை மறுபடியும் சொல்லச் சொன்னார். பரீத் கேமராவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். "கபில்து", ஏற்றுக்கொண்டேன் என்று மாப்பிள்ளை இந்த முறை கடைசி வரிசைக்கே கேட்கும்படி சொன்னார்.

"ரெண்டு தடவ ஒத்துக்கிட்டாரு, இனித் தப்பிக்க வழியே இல்ல" என்று பின்னாலிருந்து ஒரு மச்சான்காரர் சொல்ல, சபை சிரித்தது. நிக்காஹ் நடந்துவிட்டது. அந்த வார்த்தையின் படம் பரீதிடம் இல்லை.

சாப்பிடாமலேயே கிளம்பினார். லத்திபா கார்டைக் கொடுத்துவிட்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டாள். அனுமந்தன்பட்டி தாண்டினார்கள். சாரல் முகத்தில் அடித்தது.

"மைக்குல கேட்டுச்சு" என்றாள்.

"என்ன கேட்டுச்சு?"

"எல்லாந்தேன். ரூமுல பொம்பளைக சிரிச்சாக. ஒன் வீட்டுக்காரராடின்னு கேட்டாக."

"நீ என்ன சொன்ன?"

"ஆமான்னேன். வேற யாருன்னு சொல்றது?"

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள். "நீங்க தேனிக்குப் போங்க. இன்னும் எத்தன நாளைக்கு இரவல் வாங்குவீக? நான் நிறுத்திக்கிறேன். இதுவும் ஒருநா ஒடையத்தான போகுது."

பரீதுக்கு அசதியாக இருந்தது. உடம்பு அசதி இல்லை. எங்கேயோ இருக்கிறவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எதையோ விற்க, அதற்கு இங்கே அனுமந்தன்பட்டி ரோட்டில் ஒருத்தி தன் வேலையை விட்டுத்தர வேண்டியிருக்கிறதே என்ற அசதி. இன்று ஏதும் படம் விழுந்ததா என்று அவர் கேட்டார். அவள், "விழுந்துச்சு. அப்புறமாச் சொல்றேன்" என்றாள். வீடு வந்தும் சொல்லவில்லை.

திங்கட்கிழமை காலை குழுவைத் திறந்தால் சுருளிவேலின் பதிவு: ரெண்டு பாடி, மூணு லென்ஸ், மொத்தமாக விற்பனைக்கு. பரீத் முதல் பஸ்ஸில் ஏறினார்.

சுருளிவேல் தேவதானப்பட்டியில் உரக்கடைக்காரர். மஞ்சளாறு அணைக்கு வரும் பறவைகளைப் படமெடுப்பது ஞாயிற்றுக்கிழமை வேலை. உரமூட்டைகளுக்கு நடுவே, ஒரு துண்டை விரித்து எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தார்.

"எல்லாரும் வெளிய ஓடுறாக, நீங்க உள்ள வாறீகளே பாய். வெவரந் தெரிஞ்சுதான் வாறீகளா?"

"தெரியும்."

"நாளைக்கு இது ஒடைஞ்சா ஏங்கிட்ட வரக்கூடாது."

"ஒடைஞ்சா ஒண்ண ஓட்டிக்கிருவேன், இன்னொண்ணச் சாமானுக்குக் கழட்டிக்கிருவேன்."

சுருளிவேல் எல்லாவற்றையும் அந்தத் துண்டிலேயே சுற்றிக் கொடுத்தார். பிறகு லென்ஸ் மூடி ஒன்றை மேசை இழுப்பறையிலிருந்து தேடி எடுத்து, "இதையும் வச்சுக்கங்க" என்றார். விற்றவருக்கும் லேசாக இல்லை.

திரும்பும் பஸ்ஸில் விஜயபாண்டியின் போன் வந்தது. மடியில் பையை அணைத்துக்கொண்டு பரீத் எடுத்தார்.

"பாய், என்ன முடிவு?"

"இல்லங்க. நமக்குத் தோது வராது."

"கேமராவுக்காகவா? அந்தக் கம்பெனியே இல்லாமப் போகப்போகுதே பாய்!"

"கேமராவுக்காக இல்லங்க." விஜயபாண்டி, "சரி பாய், வேற ஆளப் பாக்குறேன்" என்று வைத்தார்.

லத்திபாவுக்குப் போட்டார். வாங்கிவிட்டதைச் சொன்னார். தேனிக்கு இல்லை என்று சொன்னதையும் சொன்னார். அந்தப் பக்கம் குக்கர் ஒரு விசில் அடித்து ஓய்ந்தது.

"எத்தன நாளைக்கு ஓடும்?"

"ஒன் கைக்கு மூணு வருசம் ஓடும். அதுக்கு மேல தெரியல."

"மூணு வருசம்" என்றாள், தனக்குள் சொல்லிக்கொள்வது போல. "சரி, வெறும் வயித்தோட சுத்தாதீக. தேனியில எறங்கி ஏதாச்சும் சாப்ட்டு வாங்க."

போனை வைத்ததும் குழுவிலிருந்து அறிவிப்பு வந்தது. சுருளிவேல் வெளியேறினார். அடுத்த வரி: இப்போது நீங்கள் அட்மின். பரீத் யாரிடமும் கேட்கவில்லை; இருந்தவர்களில் பழைய ஆள் என்று போனே தூக்கி வைத்துவிட்டது போலிருக்கிறது. மீதி ஐம்பத்தேழு பேர்.

ஐந்து நிமிடத்தில் முன்பின் தெரியாத ஒருவர், பொள்ளாச்சிக்காரர், எழுதியிருந்தார்: "அட்மின் அண்ணா, பேட்டரி மூடி ஒடஞ்சிருச்சு. ரப்பர் பேண்டு போட்டு எடுக்குறேன். எங்கயாச்சும் கெடைக்குமா?"

பரீத் பையைத் திறந்து, கழற்றுவதற்கென்று மனதில் ஒதுக்கியிருந்த பாடியை எடுத்தார். அடியில் மூடி சரியாகத்தான் இருந்தது. நகத்தால் நெம்பினார். பஸ் குலுங்கியதில் ரெண்டு தடவை வழுக்கி, மூன்றாவது தடவை கழன்று வந்தது. அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டினார்.

"இருக்கு. விலாசம் போடுங்க."