கடைசியா ஆர் ஓடினது?

அஜின்கோர்ட்டில் நான் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அலுவலகத்துக்கு ஒருநாள் பஸ் சாரதி ஒருவர் சீருடையோடு வந்தார். தாயைக் கனடாவுக்கு அழைக்க வேண்டுமாம். கதிரையில் இருந்தாலும், எதையும் சொல்வதற்கு முன், பஸ்ஸை எடுக்கும்போது பார்ப்பதுபோல, இடது தோளுக்கு மேலால் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்வார்.

அவருடைய படிவத்தை முடித்து, நிரப்பியவர் பெயருக்கான பெட்டியைத் தட்டினேன். வழக்கமாகப் பிரவுசர் என் பெயரோடு கணவர் பெயரையும் சேர்த்துத் தானாகவே போட்டுவிடும். அன்று கணவர் பெயர் இருந்த இடத்தில் அப்பாவின் பெயர் வந்தது. அழித்துவிட்டுத் தட்டினேன். மறுபடியும் அப்பா.

"அப்டேட் எண்டு வந்து உள்ளதையும் குழப்பிப்போடுவாங்கள்," என்று சத்தமாகவே திட்டினேன்.

அவர் தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தார். "பஸ் குணம் மாறினால் நாங்கள் முதல் கேக்கிறது, கடைசியா ஆர் ஓடினது எண்டுதான், தங்கச்சி."

அந்தக் கணினியைக் கடைசியாக ஓட்டியது நான்தான். விவாகரத்துக்குப் பிறகு அப்பாவின் பெயருக்கே திரும்பியிருந்தேன். அதை வங்கிக்கு அறிவிக்கும் படிவத்தை முதல்நாள் அதே கணினியில் நிரப்பினேன். அலுவலகத்தில் ஒருவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"நான்தான் அண்ணை. பேர் மாத்தினனான்."

பெட்டிக்குக் கீழே இரண்டு பெயர்களும் நின்றன. அவர் இன்னொருமுறை தோளுக்கு மேலால் பார்த்தார்.

"புதுசு சரியெண்டால் பழசை அழிச்சுவிடுங்கோ. ரெண்டும் கிடந்தால் ஒருநாள் கை தவறும்."

அழித்தேன். புதிய பெயரிலேயே கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

ஏன் மாற்றினேன் என்று அவர் கேட்கவே இல்லை. எங்கள் ஆட்களில் அப்படி ஒருவரை நான் அதற்கு முன் கண்டதில்லை.